ஊர் முழுக்க அடுப்பு, என்ர வீட்டில பதினேழு டிகிரி

சூடு விக்கிறவனுக்கு விண்டர் முழுக்க ராச மரியாதை. சமர் வந்திட்டா அவனை றோட்டில கண்டாலும் சனம் காணாத மாதிரிப் போயிடும்.

கனடாவுக்கு வந்த முதல் விண்டரில காதைத் தொட்டுப் பார்த்து, இருக்கோ விழுந்திட்டுதோ எண்டு யோசிச்ச சக பாவிகளே, இது உங்களுக்குத்தான். நான் தேவன். ஊரில மீன்காரருக்கு ஐஸ் கட்டி செய்யிற தொழிற்சாலையில மெக்கானிக்காக இருந்தவன். தொண்ணூறுகளின்ர நடுவில ஸ்காபரோவில, கென்னடி றோட்டில ஒரு ஹீட்டிங் கடையில போய் நிண்டன். முதலாளி மரியோ, இத்தாலிக்காரர், தங்கமான மனுசன், வாய் மட்டும் கொஞ்சம் பெரிசு. "ஐஸ் செய்யத் தெரிஞ்சவனுக்கு அதைத் திருப்பிப் போட்டு சூடு செய்யத் தெரியாதோ?" எண்டு கேட்டுப்போட்டு அண்டைக்கே வேலை தந்தார்.

கடையில வீடு முழுக்கச் சூடாக்கிற காஸ் பேர்னஸ்தான் முக்கிய யாவாரம். அந்த வருசம் மரியோவுக்குப் பெலற் ஸ்ரோவ் எண்ட அடுப்பில ஒரு விசர் பிடிச்சுது. பெலற் எண்டால் மரத்தூளை அமத்திக் கோழித்தீன் மாதிரிச் செய்த குட்டிக் குச்சியள். பதினெட்டுக் கிலோ பையில வரும். ஸ்ரோவின்ர தலையில கொட்டினால், உள்ளுக்க ஒரு திருகு மோட்டர் கொஞ்சம் கொஞ்சமா நெருப்புக்குள்ள தள்ளிவிடும். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால வடிவான நெருப்பு எரியும், ஒரு விசிறி சூட்டை அறைக்குள்ள ஊதும். "தேவ், உன்ர ஆக்கள் எல்லாரும் இப்ப வீடு வாங்கினம். போய்க் கதை" எண்டார் மரியோ. நானும் போய்க் கதைச்சன். அதில பட்ட பாடுதான் இது.

மனிசி வந்த கிழமை

அந்த ஐப்பசியிலதான் என்ர மனிசி சுகந்தி வந்து இறங்கினா. கலியாணம் முடிச்சு மூண்டு மாசத்தில நான் வெளிக்கிட்டவன். நாலு வருசம் கடிதத்திலயும் ரெலிபோனிலயும் குடும்பம் நடத்தினம். அவ ஊரில நேர்ஸ். ஒரு ஆஸ்பத்திரி வாட்டையே தனிய நிண்டு சமாளிச்ச மனிசி. எயார்போட்டில கண்ட உடன எனக்கு அழுகை வந்திட்டுது. அவ அழேல்லை, "என்ன இது, இவ்வளவு மெலிஞ்சு போனியள்?" எண்டு என்ர கையைப் பிடிச்சு நாடி பார்த்தா.

நாங்கள் வாடைக்கு இருந்தது இரத்தினம் அண்ணையின்ர வீட்டுக்குக் கீழ, பேஸ்மென்றில. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தேர்மோஸ்ரற் மேல, அவற்ற ஹோலில. அதுக்கு மேல ஒரு பிளாஸ்ரிக் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, பூட்டின்ர திறப்பு அண்ணையின்ர இடுப்பில. பதினேழு டிகிரிக்கு மேல ஒரு முள்ளும் அசையாது. பகல் முழுக்க ஊரான் வீட்டைச் சூடாக்கிப்போட்டு பின்னேரம் நான் வந்து படியிறங்கினால், மனிசி ரெண்டு சுவெற்றரும் என்ர பழைய ஜக்கற்றும் போட்டுக்கொண்டு குறண்டிக்கொண்டிருப்பா.

கார்த்திகை பிறக்க அவவின்ர விரல் நுனியெல்லாம் வெள்ளையாப் போகத் துவங்கீற்றுது. வெள்ளையாகி, மரத்து, பிறகு சிவந்து எரியும். ஊசி குத்திற கை, ஒரு பொத்தானைப் பூட்ட ஏலாமல் போச்சு. ஒருநாள் அந்தக் கையை என்ர மடியில வச்சுக்கொண்டு, கோவமே இல்லாமல், வாட்டில ஆருக்கோ விபரம் சொல்லுற மாதிரிச் சொன்னா: "அக்கா சென்னையில இருக்கிறா, வா எண்டு கூப்பிடுறா. நான் பங்குனி முடியும் மட்டும் பாப்பன். அதுக்குள்ள இந்தக் குளிர் எனக்கு ஒத்துவராட்டி நான் போறன், நீங்கள் கோவிக்கக் கூடாது."

ஐம்பதில விட்டும் குளிருது

அடுத்த நாளே மோர்னிங்சைட்டில இருந்து ஒரு ஃபோன். புதுசா வந்த குணம் அண்ணை, ஒரு பழைய வீட்டை வாடைக்கு எடுத்திருக்கிறார். பேர்னஸ் பழுது, பிள்ளையள் விறைச்சுப் போச்சினம், உடன வாரும் எண்டு அந்தரப்பட்டார். போய்ப் பார்த்தால், வீட்டுக்குள்ள மனுசன் தொப்பி, கையுறை, சப்பாத்தெல்லாம் போட்டுக்கொண்டு சோபாவில இருக்கிறார். கதைக்க வாயால புகை வருது. "தம்பி, நான் ஐம்பதில விட்டிருக்கிறன். ஊரில முப்பத்தஞ்சுக்கே வேர்த்து ஊத்தும். ஐம்பதில விட்டும் குளிருதெண்டால் இது பேர்னஸோ, ஐஸ் பெட்டியோ?"

தேர்மோஸ்ரற்றைப் பார்த்தன். அறுதப் பழசு, ஃபாரன்ஹைட் கணக்கு. அதில ஐம்பது எண்டால் எங்கட கணக்கில பத்து டிகிரி. அந்தப் பெட்டியில அதுக்குக் கீழ விடவே ஏலாது. மனுசன் மூண்டு கிழமையா, வீட்டை அவிச்செடுக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு, பிள்ளையளோட பத்து டிகிரியில இருந்திருக்கிறார்! சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியேல்லை.

எப்பிடி விளங்கப்படுத்திறது? நேர்ஸைக் கட்டினவனுக்கு அந்த நேரத்தில ஒரு புத்தி வந்துது. "அண்ணை, ஊரில காய்ச்சல் எண்டால் நூறு, நூற்றியொண்டு எண்டு சொல்லுறமல்லோ, அந்தக் கணக்குத்தான் இது. எழுபதில விடுங்கோ" எண்டன். விட்டு அரை மணித்தியாலத்தில தொப்பி கழண்டுது, பிறகு கையுறை. அண்ணை சுவரில இருந்த பெட்டியை ஒருக்கா, என்னை ஒருக்காப் பார்த்தார்: "அப்ப இவ்வளவு நாளும் வீட்டுக்குச் சீவன் போய்க்கொண்டிருந்திருக்கு, நான் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிச்சிருக்கிறன்."

பால் பொங்காத முகூர்த்தம்

மோர்னிங்சைட்டிலயே இன்னொரு வீடு. இது சொந்தமா வாங்கினது. பால் காய்ச்சிக் குடிபூரலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலமை எட்டு பத்தில இருந்து எட்டு ஐம்பது மட்டும் நல்ல நேரம். குசினியில இருக்கிறது கரண்ட் அடுப்பு. வீட்டுக்கார அன்ரி, "கம்பி சிவக்கிறது நெருப்பில்லை. எனக்குப் பால் காய்ச்ச நெருப்பு வேணும்" எண்டு ஒற்றைக்காலில நிண்டா. நெருப்பு இருக்கிறது ஹோலில, நான் முதல் நாள் பூட்டின பெலற் ஸ்ரோவில. முதல்முறை மூட்டேக்க கடையாள் பக்கத்தில நிக்கவேணும் எண்டது மரியோவின்ர சட்டம். ஆகவே நானும் ரை கட்டிக்கொண்டு போனன்.

ஸ்ரோவுக்குப் பொட்டு, மாலை எல்லாம். எட்டு பத்துக்கு மூட்டியாச்சு. புது ஸ்ரோவ் முதல் எரியேக்க பெயின்ற் மணம் வரும். புகை அலாரம் வீரிட்டுக் கத்திச்சுது. ஐயர் மந்திரத்தை நிப்பாட்டேல்லை, சத்தத்தைக் கூட்டினார். பால் சட்டியை ஸ்ரோவின்ர தலையில வச்சம். அங்கதான் வந்துது கரைச்சல். பெலற் ஸ்ரோவின்ர சூட்டை விசிறி முன்பக்கத்தால ஊதி வெளியில தள்ளிப்போடும், தலை அவ்வளவு கொதிக்காது. எட்டரை ஆச்சு, பால் ஆடை கட்டுது. எட்டு நாப்பது, ஓரத்தில ஒரு குமிழி. சனமெல்லாம் பாலைப் பார்க்காமல் என்னைப் பார்க்குது. எனக்கு அந்தக் குளிரிலயும் வேர்த்துது. விசிறியைக் குறைச்சு, பெலற்றைக் கூட்டி, எனக்குத் தெரிஞ்ச கடவுளையெல்லாம் கூப்பிட்டன். எட்டு ஐம்பதும் தாண்டிச்சுது.

அன்ரியின்ர கண் கலங்கீற்றுது. அவ்வளவு பாடுபட்டு வாங்கின வீடு, பாவம். எனக்கு நிலம் பிளந்து உள்ள போகலாம் போல இருந்துது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார், பாலைப் பார்த்தார், சால்வையைச் சரிபண்ணினார். ஒன்பது அஞ்சுக்குப் பால் பொங்கி ஸ்ரோவெல்லாம் வழிஞ்சு, ரெண்டு கிழமைக்குப் போகாத ஒரு மணத்தோட கருகேக்க, ஆருக்கும் ஒரு குறையுமில்லை. ஏனெண்டால் அதுக்கு முந்தியே ஐயர் இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வச்சிட்டார்: "நான் நேரம் பார்த்தது அடுப்பு மூட்ட, பிள்ளையள். மூட்டியாச்சு. பால் பஸ்ஸில வருது போல, ஆறுதலா வரட்டும்."

துலைஞ்ச சாரம்

பிறம்ரனில பிலோமினா அக்கா, மன்னார்ப் பக்கம். ஸ்ரோவ் பத்தி அஞ்சு நிமிசத்தில நூர்ந்து நூர்ந்து போகுதாம், கண்ணாடி கரிச்சட்டி மாதிரிக் கறுக்குதாம். "தம்பி, நீர் ஏமாத்திப்போட்டீர்" எண்டு எடுத்த எடுப்பில குற்றப்பத்திரிகை. போய்ப் பார்த்தன். நெருப்பு சோம்பேறி மாதிரி செம்மஞ்சளா ஆடுது. அதுக்குக் காத்துக் காணாது எண்டு அர்த்தம். வெளியில போய்க் காத்து வாற குழாயைப் பார்த்தன். ஏதோ துணி தெரிஞ்சுது. பிடிச்சு இழுத்தன். வந்துகொண்டே இருந்துது. ஆம்பிளையள் இடுப்பில கட்டிற, நீலப் பெட்டி போட்ட ஒரு முழுச் சாரம்!

அக்காவின்ர புருசன் அந்தச் சாரத்தை ரெண்டு கிழமையாத் தேடியிருக்கிறார். தேடித் தேடி, தன்ர தம்பியை வேற சந்தேகப்பட்டு அவரோட கதைக்கிறதில்லையாம். அக்காவுக்குத் தான் செய்ததில ஒரு பிழையும் தெரியேல்லை. அந்தக் குழாயால குளிர் வருது, அடைச்சன் எண்டா. அந்தக் காத்து இல்லாட்டில் நெருப்பு எரியாது, எரிஞ்சால்தான் வீடு சுடும் எண்டு நான் படம் கீறி விளங்கப்படுத்தினன். அக்கா பேப்பரை வாங்கி வடிவாப் பார்த்துப்போட்டு என்னட்டைக் கேட்டா: "குளிரை உள்ளுக்க கூப்பிட்டால்தான் சூடு வருமெண்டால், தம்பி, நீர் விக்கிறது அடுப்போ, ஞானோபதேசமோ?"

கதவு நெளிஞ்ச ஸ்ரோவ்

இப்பிடி ஊரெல்லாம் போய் அடுப்பு மூட்டிப்போட்டு வீட்டுக்கு வந்தால் பதினேழு டிகிரி. எனக்கு என்னிலயே வெறுப்பு வந்திட்டுது. இதைக் கடையில சொல்ல எனக்கு வெக்கம். ஆனா மரியோ என்ர முகத்தைப் பார்த்துக் கேட்டார், சொல்லிப்போட்டன். லொறியில இருந்து விழுந்து கதவு நெளிஞ்ச ஸ்ரோவ் ஒண்டு ஒரு மாசமா மூலையில கிடந்தது. அதைக் காலால தட்டிக் காட்டி, "கொண்டு போ. ஆனா எவ்வளவு எரியுது, எவ்வளவு சுடுது எண்டு எனக்கு எழுதித் தா. ஆக்களுக்குக் காட்ட வேணும்" எண்டார்.

மரியோ இளகீற்றார், இரத்தினம் அண்ணை லேசில இளகுவாரோ? "பேஸ்மென்றில நெருப்பு வைக்கப் போறீரோ? விசரே உமக்கு?" எண்டு சாரத்தை மடிச்சுக் கட்டினார். நான் அனுமதிக் கடதாசி, சோதிக்க வாற ஆள், சுவரில இருந்து எத்தினை அங்குலம், புகைக்குழாய் எந்தப் பக்கம் எண்டு எல்லாம் வரிசையாச் சொன்னன். ஒண்டும் ஏறேல்லை. கடைசியில ஒரு விசயம் சொன்னன்: "அண்ணை, சூடு கீழ நிக்காது. மேலதான் வரும். உங்கட ஹோல் சும்மா கிடந்து சுடும், பேர்னஸ் படுத்து நித்திரை கொள்ளும்."

அண்ணை தலையைச் சொறிஞ்சார். தன்ர மனிசியைக் கூப்பிட்டு மெல்லமா ஏதோ கேட்டார். பிறகு நெஞ்சை நிமித்திக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார்: "சரி, கொண்டுவந்து பூட்டும். ஆனா நீர் மேல அனுப்பிற சூட்டுக்கு நான் ஒரு சதமும் தரமாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்."

காய்ச்சல் சாட்

எழுதித் தரச்சொன்னது என்னட்டை. எழுதத் துவங்கினது சுகந்தி. முதல் ரெண்டு நாள் என்ர கிறுக்கலைப் பார்த்துப்போட்டு, "இது ஆற்ற கையெழுத்து, கோழியின்ரயோ?" எண்டு பறிச்சிட்டா. ஒரு கொப்பியில வாட்டுக் கட்டிலில தொங்கிற காய்ச்சல் சாட் மாதிரியே கோடு போட்டா. காலமை ஆறு மணி, மத்தியானம் ரெண்டு, பின்னேரம் ஆறு: உள்ளுக்க எவ்வளவு, வெளியில எவ்வளவு, எத்தினையாம் இலக்கத்தில எரியுது, பை எப்ப திறந்தது, எப்ப முடிஞ்சுது, சாம்பல் என்ன நிறம். ஒரு நேரம்கூடத் தவறாது.

ஒரு கிழமையில எனக்கே தெரியாத விசயமெல்லாம் வெளியில வந்துது. நான் காலமை எழும்பின உடன நாலாம் இலக்கத்தில விட்டுக் கெதியாச் சூடாக்கிப்போட்டு, பிறகு நிப்பாட்டுவன். எல்லாக் கஸ்டமருக்கும் அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தனான். சுகந்தி சாட்டைக் காட்டினா. நாலில எரிஞ்சால் ஒரு பை அரை நாளும் தாங்காது, நிப்பாட்டின ரெண்டாவது மணித்தியாலம் சுவரெல்லாம் திரும்பக் குளிர்ந்திடும். ரெண்டில விட்டுக் கைவைக்காமல் இருந்தால் அதே பை ஒரு நாளைக்கு மேல போகுது, அறை இருபத்தொண்டில அப்பிடியே நிக்குது. "நோயாளிக்கு மருந்தை ஒரேயடியா ஊத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்கு" எண்டா.

விரல் வெள்ளையாகிறது குறைஞ்சுது. முழுக்க நிக்கேல்லை. அவ சென்னைக் கதையைத் திரும்ப எடுக்கேல்லை, நானும் கேக்கேல்லை. கேட்டால் பதில் சொல்லிப்போடுவா எண்ட பயம். கொப்பியை மரியோவிட்டக் கொண்டுபோய்க் குடுத்தன். மனுசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாப் பார்த்தார். தன்ர இருபது வருசச் சேவிஸில இப்பிடி ஒரு ஆளும் எழுதித் தரேல்லை எண்டார். பிறகு கொப்பியை மூடி வச்சுக்கொண்டு கேட்டார்: "தேவ், இந்த டொக்ரர் ஆர்? உன்னை நிப்பாட்டிப்போட்டு அவவை வேலைக்கு எடுக்கலாமோ?"

புட்டு மா

தமிழ்க் கஸ்டமருக்கு நான் வீட்டு நம்பரும் குடுக்கிறனான். எங்கட சனம் கடைக்கு எடுத்து இங்கிலிசில மெசேஜ் விடாது. மார்கழியில ஒருநாள் மிசிசாகாவில இருந்து ஜெகன் எண்ட பெடியன் ஃபோன் எடுத்திருக்கிறான். எயார்போட்டில வேலை, கலியாணம் ஆகேல்லை. நான் வீட்டில இல்லை. சுகந்திதான் எடுத்தா. மோட்டர் முனகுது, பெலற் விழுதில்லை எண்டானாம். அவ நோயாளியை விசாரிக்கிற மாதிரியே விசாரிச்சிருக்கிறா. எப்ப இருந்து? சத்தம் எப்பிடி? கடைசியா என்ன குடுத்தனீர்? பையை எங்க வச்சிருக்கிறீர்?

பை இருந்தது வெளியில, டெக்கில, ஸ்னோவுக்குக் கீழ. ஒரு மூலை கிழிஞ்சு தண்ணி போய், உள்ளுக்க பெலற் எல்லாம் ஊதிப் பிரிஞ்சு புட்டு மா மாதிரி ஆகீற்றுது. அதை அப்பிடியே கொட்டியிருக்கிறான். அவ ஃபோனிலயே சொல்லிச் சொல்லி, கரண்டைக் கழட்டுவிச்சு, கரண்டியால அள்ளுவிச்சு, வாக்யூமால இழுப்பிச்சு, திருகைக் கையால சுத்துவிச்சு முடிச்சிட்டா. ஒரு மணித்தியாலம். நான் வந்து விசயத்தைக் கேட்டு, பதறிப்போய் ரூல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு ஃபோன் எடுத்து, இப்பவே வாறன் எண்டன். நன்றி கெட்ட பயல், இதைத்தான் சொன்னான்: "வேண்டாம் அண்ணை, நீங்கள் களைச்சுப் போய் வந்திருப்பியள். ஸ்ரோவ் எரியுது. இனி ஏதும் எண்டால் அக்காவோடயே கதைக்கிறன்."

கரண்ட் போன ஞாயிறு

தை மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியப்புறம் ஐஸ் மழை பெய்து, மரக்கொப்பு முறிஞ்சு எங்கட தெருக் கம்பியில விழுந்துது. காலமை ஒன்பதுக்குக் கரண்ட் போச்சு. பெலற் ஸ்ரோவின்ர பெரிய குறை இதுதான். மோட்டருக்கும் விசிறிக்கும் கரண்ட் வேணும். மேல பேர்னஸும் அப்பிடித்தான். நெருப்பு மெல்ல மெல்ல நூர்ந்து, கண்ணாடிக்குப் பின்னால சாம்பல் மட்டும் இருந்துது. சுகந்தி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா புதுக் கொப்பியில எழுதிக்கொண்டிருந்தா. இருபது. பத்தொன்பது. பதினெட்டு. இவ்வளவு நாளும் கட்டினதெல்லாம் ஒரு மரக்கொப்பில போச்சு, இவ போகப்போறா எண்டு நினைச்சன்.

மத்தியானம் கதவில தட்டுற சத்தம். இரத்தினம் அண்ணையும் அவற்ற மனிசி மணி அக்காவும், போர்வையும் தலையணியுமா. பேஸ்மென்ற் மண்ணுக்குள்ள இருக்கிறதால சூடு மெல்லத்தான் போகும். மேல அதுக்குள்ள பதினொண்டுக்கு வந்திட்டுது. நாலு பேரும் ஒரு அறைக்குள்ள கதவைச் சாத்திக்கொண்டு இருந்தம். கீழ பதினாறு. "பதினாறே இவ்வளவு குளிரோ?" எண்டு அண்ணை பல்லு நடுங்கக் கேட்டார். சுகந்தி கொப்பியில இருந்து தலையைத் தூக்காமல், "உங்கட தேர்மோஸ்ரற் இதைவிட ஒரு டிகிரிதான் கூட, அண்ணை" எண்டா. கோவமாச் சொல்லேல்லை. அதுதான் பெரிய அடி.

அப்பத்தான் மணி அக்கா சுகந்தியின்ர கையைக் கண்டா. பேனையைப் பிடிச்சிருந்த விரலெல்லாம் மெழுகு மாதிரி வெள்ளை. "என்ன பிள்ளை இது?" எண்டு ரெண்டு கையையும் இழுத்துத் தன்ர கமக்கட்டுக்குள்ள வச்சுக்கொண்டு, புருசனைப் பார்த்தா பாருங்கோ ஒரு பார்வை. அண்ணை நிலத்தைப் பார்த்தார். நாலு மணிக்குக் கரண்ட் வந்துது. அஞ்சு மணிக்கு அண்ணை திரும்பக் கீழ வந்தார். இடுப்பில இருந்து அந்தத் தேர்மோஸ்ரற் பெட்டித் திறப்பைக் கழட்டி, கொப்பிக்கு மேல வச்சார்: "இது இனி உம்மட்ட இருக்கட்டும், பிள்ளை. சூட்டைப் பற்றி எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது."

பங்குனி முப்பத்தொண்டு

பங்குனி வந்துது. ஸ்னோ கரைஞ்சு ஓடுது, சனம் ஜக்கற்றைத் திறந்து விட்டுக்கொண்டு நடக்குது, எனக்கு மட்டும் நாள் எண்ணிற வேலை. கேக்கலாம் எண்டு வாயைத் திறப்பன், பிறகு தேத்தண்ணி கேட்பன். அந்த மாசம் நான் குடிச்ச தேத்தண்ணிக்கு அளவில்லை. அக்காவிட்ட இருந்து சென்னைக் கடிதம் ஒண்டு வந்து மேசையில கிடந்துது. அவ வாசிச்சா, மடிச்சு வச்சா. பின்னேரங்களில ஏதோ விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தா. ரிக்கற்றோ, விசாவோ எண்டு நான் எட்டிப் பார்க்கவும் பயந்தன்.

கடைசி நாள் அண்டைக்குப் பிறம்ரனில ஒரு வேலை. ஸ்குறூவை மாறிப் பூட்டி, திரும்பக் கழட்டி, ஒரு மணித்தியால வேலைக்கு நாலு மணித்தியாலம். வீட்டை வர ஆறரை ஆச்சு. படியிறங்கேக்கயே சுகந்தியின்ர குரல் கேட்டுது, ஃபோனில. மற்றப் பக்கம் பிலோமினா அக்கா எண்டு விளங்கிச்சுது. விண்டர் முடிஞ்சுது, ஸ்ரோவை எப்பிடித் துப்பரவாக்கிறது எண்டு கேட்டிருக்கிறா. நான் சப்பாத்தும் கழட்டாமல் கடைசிப் படியில நிண்டன். சாம்பலை முழுக்க அள்ளுங்கோ, கண்ணாடியை ஈரக் கடதாசியால துடையுங்கோ, மிஞ்சின பையை ஈரம் படாமல் மேல வையுங்கோ எண்டு ஒவ்வொண்டாச் சொல்லிக்கொண்டு போனா. பிறகு, நான் நிக்கிறது தெரியாமல், சர்வ சாதாரணமா இதைச் சொன்னா: "வாற விண்டர் எண்டால் அக்கா, பகலில எடுக்காதேங்கோ. புரட்டாதியில இருந்து எனக்கு இஞ்ச நேர்சிங் கிளாஸ், காலமை போய்ப் பின்னேரம்தான் வருவன். ஆறு மணிக்குப் பிறகு எடுங்கோ, நான் வீட்டிலதான் நிப்பன்."

ஆக, சக பாவிகளே, அந்த விண்டர் முழுக்க நான் படாத பாடுபட்டு விக்கப் பார்த்தது ஸ்ரோவை இல்லை, கனடாவை. அதையும் கடைசியில மனிசி என்னட்டை ஒரு வார்த்தை கேளாமல் தானே வாங்கிப்போட்டா.